ஒரு கோல்கூட இல்லை, விலை மட்டும் பன்னிரண்டு மடங்கு: வில்சன் பலாசியோஸ் என்ற நடுக்கள ஆட்டக்காரர்

2008 ஜனவரியில் விகன் அத்லெட்டிக் என்ற சிறிய இங்கிலாந்து கிளப், ஹோண்டுராஸ்காரரான வில்சன் பலாசியோஸை வாங்கியது. அன்று பத்திரிகைகள் சொன்ன விலை சுமார் 10 லட்சம் பவுண்டு. ஒரு வருடம் கழித்து, 2009 ஜனவரியில், லண்டனின் டாட்டன்ஹாம் கிளப் அதே ஆளைச் சுமார் 1 கோடியே 20 லட்சம் பவுண்டுக்குத் தூக்கிக்கொண்டு போனது. இடைப்பட்ட காலத்தில் விகனுக்காக லீக்கில் 37 ஆட்டங்கள் ஆடியிருந்தார். அடித்த கோல் ஒன்றுமில்லை.

கோல் போடாத ஒருவருக்கு எதற்கு இவ்வளவு பணம்? மூன்று வருடத்துக்குள் அதே டாட்டன்ஹாம் ஏன் அவரைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டது? பலாசியோஸைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக இரண்டு விஷயங்களைச் சொல்வார்கள்: கடத்திக் கொல்லப்பட்ட தம்பி, 2014 உலகக் கோப்பையில் வாங்கிய சிவப்பு அட்டை. இரண்டும் உண்மைதான். ஆனால் அவருடைய ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் காரணம் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது: அவர் பக்கத்தில் யார் நின்றார்கள் என்பதில்.

முதலில் அவர் செய்த வேலையைப் பார்த்துவிடலாம். தற்காப்பு வரிசைக்கு முன்னால் நின்றுகொண்டு, எதிரணி கட்டிக்கொண்டு வரும் ஆட்டத்தை நடுவிலேயே அறுத்துவிடுவது. எதிரணியின் பாஸ் எங்கே போகும் என்று ஒரு நொடி முன்னதாக ஊகித்துக் குறுக்கே நுழைவது, பந்து கிடைத்தவன் திரும்புவதற்குள் காலை வைத்துப் பறிப்பது, அது முடியாவிட்டால் ஆளையாவது இடித்து நிறுத்துவது. மேட்ச் முடிந்து காட்டும் ஹைலைட்ஸில் இதெல்லாம் வராது. நடக்காமல் போன கோலை யார் ரீப்ளே போடுவார்கள்? செல்சியில் கிளாட் மகலேலே இந்த வேலையைச் செய்து காட்டிய பிறகுதான் இங்கிலாந்து கிளப்புகள் இதற்கென்று தனியாகக் காசு ஒதுக்க ஆரம்பித்தன.

பலாசியோஸிடம் இதோடு இன்னொன்றும் இருந்தது. பந்தைப் பறிப்பவர்களில் பலர், பறித்த கையோடு பக்கத்தில் நிற்பவரிடம் தள்ளிவிட்டு ஓய்ந்துவிடுவார்கள். இவர் பறித்த வேகத்திலேயே தானே பதினைந்து இருபது கெஜம் ஓடுவார். எதிரணி தாக்குதலுக்கு விரிந்து நிற்கும் அந்தத் தருணத்தில் அந்த ஓட்டம் ஒன்றே இரண்டு பேரைக் கழித்துவிடும். இறுதி பாஸ் அவ்வளவு துல்லியமாக இருக்காது, கோலை நோக்கி அடித்தால் பந்து பெரும்பாலும் கேலரிக்குத்தான் போகும். சரி, அதற்குத்தான் வேறு ஆட்கள் இருக்கிறார்களே.

அவர் பிறந்தது 1984 ஜூலை 29 அன்று, ஹோண்டுராஸின் கரீபியன் கரையில் இருக்கும் லா செய்பா நகரத்தில். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க வாழைப்பழக் கம்பெனிகளால் வளர்ந்த துறைமுக ஊர் அது. அந்தக் கரையோரத்தில் கரிஃபுனா மக்கள் நிறைய. செயின்ட் வின்சென்ட் தீவிலிருந்து 1797-இல் பிரிட்டிஷ்காரர்களால் நாடு கடத்தப்பட்டு, ஹோண்டுராஸுக்கு எதிரே உள்ள ரோவாட்டான் தீவில் இறக்கிவிடப்பட்ட ஆப்பிரிக்க, கரீப் கலப்பு மக்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். நாட்டின் மக்கள்தொகையில் சிறு பங்குதான், தேசிய கால்பந்து அணியிலோ பெரும் பங்கு. பலாசியோஸ் குடும்பமும் அந்த வழி வந்ததுதான். வீட்டில் ஐந்து சகோதரர்களும் பந்தோடு வளர்ந்தவர்கள். மில்டன், ஜெர்ரி, வில்சன், ஜானி ஆகிய நால்வரும் நாட்டுக்காக ஆடினார்கள். கடைக்குட்டி எட்வின்.

வில்சன் தலைநகர் தெகுசிகல்பாவின் ஒலிம்பியா கிளப்பில் பெயர் வாங்கினார். ஹோண்டுராஸின் மிகப் பெரிய கிளப் அது. ஆனால் அங்கிருந்து இங்கிலாந்துக்குப் போவது லேசுப்பட்ட காரியம் இல்லை. திறமை மட்டும் போதாது, வேலை அனுமதி வேண்டும்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் மத்திய அமெரிக்க ஆட்டக்காரர்கள் ஐரோப்பாவில் ஏன் இவ்வளவு குறைவு என்பதற்குப் பாதி விடை இதில் இருக்கிறது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் விதிப்படி, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் ஆட்டக்காரரின் நாடு ஃபிஃபா தரவரிசையில் முதல் 70 இடங்களுக்குள் இருக்க வேண்டும். அதோடு, முந்தைய இரண்டு ஆண்டுகளில் அந்த நாடு ஆடிய போட்டி ஆட்டங்களில் குறைந்தது 75 சதவீதத்தில் அவர் களமிறங்கியிருக்க வேண்டும். அர்ஜென்டினாக்காரர்கள் பலருக்கு இத்தாலியத் தாத்தா இருப்பார். அந்த வழியில் ஒரு ஐரோப்பிய பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு அப்போது விதியையே தாண்டிவிட முடிந்தது. லா செய்பாக்காரருக்கு அப்படி ஒரு தாத்தா எங்கே கிடைப்பார்? அதனால் ஹோண்டுராஸிலிருந்து இங்கிலாந்துக்கு வருகிறவர் ஏற்கெனவே தேசிய அணியின் நிரந்தர ஆளாக இருந்தாக வேண்டியிருந்தது. பத்தொன்பது வயதில் கண்டெடுத்து, கூட்டிக்கொண்டு போய் வளர்ப்பது என்பதற்கு வழியே இருக்கவில்லை. பலாசியோஸ் இங்கிலாந்தில் கால் வைத்தபோது அவருக்கு வயது 23.

அந்தக் கதவையும் திறந்துவிட ஒரு வாய்ச்சொல் தேவைப்பட்டது. 2007 கோடையில் ஆர்சனலில் சோதனைப் பயிற்சிக்கு வந்தார். அந்தக் கிளப்பின் மேனேஜர் ஆர்சென் வெங்கருக்கு ஆளைப் பிடித்துப்போனது, ஆனால் தன் அணியில் சேர்க்கவில்லை. அப்போது பர்மிங்ஹாம் சிட்டியின் மேனேஜராக இருந்த ஸ்டீவ் புரூஸிடம் பெயரைச் சொன்னார். புரூஸ் லோனில், அதாவது தற்காலிகமாக, எடுத்தார். சில மாதங்களிலேயே, அந்த நவம்பரில், புரூஸ் விகனுக்கு மாறினார். ஜனவரி பிறந்ததும் பலாசியோஸையும் அங்கே இழுத்துக்கொண்டார்.

புரூஸின் விகன் அணியைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். ரக்பி ஊர், சின்ன மைதானம், பணமும் குறைவு. ஆகவே மற்றவர்கள் எட்டிப் பார்க்காத நாடுகளில் தேடினார்கள். ஈக்வடார்காரர் அன்டோனியோ வலென்சியா, எகிப்திலிருந்து அம்ர் ஜாகி, ஹோண்டுராஸிலிருந்து பலாசியோஸ், அதே மாதத்தில் ஒலிம்பியாவிலிருந்தே மேய்னோர் ஃபிகுவேரோ. மலிவாக வாங்கி, வளர்த்து, பெரிய கிளப்புக்கு விற்பது என்பதுதான் அந்தக் கிளப்பின் பிழைப்பு. வலென்சியா 2009-இல் மான்செஸ்டர் யுனைடெட் போனார். அதற்கு ஆறு மாதம் முன்பே பலாசியோஸ் விற்றுப்போயிருந்தார்.

விகனில் அவர் ஏன் அவ்வளவு ஜொலித்தார்? அந்த அணியிடம் பந்து அதிக நேரம் இருந்ததில்லை. எதிரணி ஆடும், இவர்கள் பறித்துக்கொண்டு ஓடுவார்கள். பறிக்கவும் ஓடவும் தெரிந்த ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. அவரால் முடியாததை அந்த அணி அவரிடம் கேட்கவே இல்லை.

இந்த நல்ல காலம் முழுக்க வீட்டில் ஒரு துயரம் ஓடிக்கொண்டிருந்தது. 2007 அக்டோபர் கடைசியில், பலாசியோஸ் பர்மிங்ஹாமில் இருந்தபோது, பதின்வயதுத் தம்பி எட்வினை லா செய்பா வீட்டிலிருந்து ஆயுதம் தாங்கிய கும்பல் ஒன்று கடத்தியது. மீட்புப் பணம் கொடுக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. பையன் திரும்பவில்லை. விகனில் ஆடிய அந்த முழுக் காலமும், டாட்டன்ஹாமின் முதல் மாதங்களும் தம்பி உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமலேதான் கழிந்தன. 2009 மே மாதம் சடலத்தின் எச்சங்கள் கிடைத்தன. பலாசியோஸ் சீசன் முடியும் முன்பே ஊருக்குப் பறந்தார்.

இதைத் தனிமனித சோகமாக மட்டும் பார்ப்பது போதாது. 2010-களின் தொடக்கத்தில் உலகிலேயே அதிகக் கொலை விகிதம் கொண்ட நாடாக ஹோண்டுராஸ் பதிவானது, லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 80-க்கும் மேல். அப்படிப்பட்ட ஊரில், வெளிநாட்டு கிளப்பில் சேர்ந்த ஒருவரின் பெயர் பத்திரிகையில் வந்தாலே வீட்டில் இருப்பவர்கள் மீது கண் விழும். 2004-இல் பிரேசிலில் கால்பந்து ஆட்டக்காரர் ரொபின்யோவின் தாயார் கடத்தப்பட்டதும் இதே கணக்கில்தான். அவர் உயிரோடு திரும்பினார், எட்வின் திரும்பவில்லை.

இந்தச் சாவுதான் பலாசியோஸின் ஆட்டத்தை உடைத்தது என்று பலர் எழுதினார்கள். மனசு எவ்வளவு உடைந்தது என்பதை வெளியிலிருந்து யாரும் அளக்க முடியாது. ஆனால் ஆட்டக் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. தம்பியின் உடல் கிடைத்ததற்கு அடுத்த சீசனான 2009-10-இல்தான் டாட்டன்ஹாமுக்காக அவர் மிக அதிகமாக ஆடினார், லீக்கில் 33 ஆட்டங்கள். அந்த சீசனில்தான் கிளப் நான்காவது இடம் பிடித்து, ஐரோப்பாவின் முன்னணி கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்றை முதல்முறையாக எட்டியது. துக்கத்தில் சரிந்துபோனவருடைய கணக்கு இப்படி இருக்காது.

சரிவு எப்படி வந்தது என்று புரிய டாட்டன்ஹாமுக்குள் நடந்ததைப் பார்க்க வேண்டும். 2008 அக்டோபரில் ஹாரி ரெட்நாப் மேனேஜராகப் பொறுப்பேற்றபோது எட்டு ஆட்டங்களில் இரண்டே புள்ளிகளோடு கடைசி இடத்தில் கிடந்த அணி அது. அழகாக ஆடும் ஆட்கள் நிறைய, நடுவில் யாரும் யாரையும் தடுப்பதில்லை. ரெட்நாப் ஜனவரியில் பலாசியோஸைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தினார். பாஸ் போட்டு ஆட்டத்தை நடத்தும் லூக்கா மோட்ரிச் அப்போது பெரும்பாலும் இடது ஓரத்திலிருந்து உள்ளே வந்து ஆடிக்கொண்டிருந்தார். அவர் பந்தை இழந்தால் மீட்கப் பின்னால் ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் பலாசியோஸ். அணி எட்டாவது இடத்தில் முடித்தது.

பிறகு 2010-இன் தொடக்கத்தில் அணியின் காரெத் பேல் விஸ்வரூபம் எடுத்தார். இடது ஓரம் முழுக்க அவருடையது ஆனது. மோட்ரிச்சை எங்கே வைப்பது? நடுவில். நடுவில் வந்த மோட்ரிச்சை அதற்குப் பிறகு யாராலும் அசைக்க முடியவில்லை, அவர் பின்னாளில் ரியல் மாட்ரிட் வரைக்கும் போனது நமக்குத் தெரியும். மோட்ரிச் பக்கத்தில் இப்போது தேவைப்பட்டது, அமைதியாகப் பந்தை வாங்கித் தூரமாகப் பாஸ் போடத் தெரிந்தவர். 2010 மே 5 அன்று மான்செஸ்டர் சிட்டியை 1-0 என்று வென்று நான்காவது இடத்தை உறுதி செய்த ஆட்டத்தில் நடுவில் தொடங்கிய ஜோடி மோட்ரிச்சும் டாம் ஹடில்ஸ்டோனும். அணி மேலே போகப் போக பந்து அதிக நேரம் தன் காலிலேயே இருந்தது, பறிக்க வேண்டிய அவசியம் குறைந்தது. மூழ்கும் கப்பலில் ஓட்டையை அடைத்த ஆளை, கப்பல் கரைதாண்டி ஓடத் தொடங்கியதும் யாரும் தேடவில்லை.

அந்த ஆண்டு கோடையில் பிரேசிலிலிருந்து சாண்ட்ரோ வந்தார், பலாசியோஸின் வேலையையே செய்பவர், வயதில் இளையவர். ஆகஸ்ட் கடைசி நாளில் இன்னொரு நடுக்கள ஆட்டக்காரரான ரஃபேல் வான் டெர் வார்ட்டும் வந்து சேர்ந்தார். போதாக்குறைக்குப் பலாசியோஸுக்கு முட்டிக் கோளாறுகளும் ஆரம்பித்தன.

இதற்கு நடுவில் ஓர் இரவு. 2011 பிப்ரவரி 15, மிலான் நகரின் சான் சிரோ மைதானம், சாம்பியன்ஸ் லீக் நாக்-அவுட். பேல் காயம், ஹடில்ஸ்டோன் காயம், மோட்ரிச் குடல்வால் அறுவை சிகிச்சை முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்ததால் பெஞ்சில். வேறு வழியில்லாமல் ரெட்நாப் சாண்ட்ரோவையும் பலாசியோஸையும் நடுவில் சேர்த்துப் போட்டார். இரண்டு பேருமே பந்தைப் பறிப்பவர்கள், யாரும் கலைஞர் இல்லை. எதிரே ஏசி மிலான்: இப்ராகிமோவிச், ரொபின்யோ, சீடார்ஃப், கட்டூசோ. அந்த இரவு டாட்டன்ஹாமுக்குப் பந்தை வைத்துக்கொண்டு ஜாலம் காட்ட வேண்டிய தேவை இல்லை, மிலானை நடுவில் நுழைய விடாமல் அடைத்தால் போதும். மீண்டும் விகன் மாதிரியான வேலை. மிலான் பொறுமையிழந்தது. கட்டூசோ கோபத்தில் டாட்டன்ஹாம் துணைப் பயிற்சியாளர் ஜோ ஜோர்டனுடன் மல்லுக்கு நின்றார், ஆட்டம் முடிந்ததும் தலையாலேயே முட்டினார். 80-ஆவது நிமிடம், மாற்று ஆளாக வந்திருந்த மோட்ரிச்சிடமிருந்து பந்து ஆரோன் லெனனுக்குப் போக, லெனன் பாதி மைதானம் ஓடிக் கொடுத்த பந்தை பீட்டர் கிரவுச் கோலுக்குள் தள்ளினார். 1-0. அடுத்த நாள் பேச்சு எல்லாம் லெனன், கிரவுச், கட்டூசோ. என்னைக் கேட்டால் பலாசியோஸின் டாட்டன்ஹாம் காலத்துக்கு உச்சம் அந்த 90 நிமிடம்தான்.

மூன்று வாரம் கழித்து லண்டனில் இரண்டாவது ஆட்டம், 0-0. நடுவில் தொடங்கியவர்கள் சாண்ட்ரோவும் மோட்ரிச்சும். பலாசியோஸ் இல்லை.

2011 ஆகஸ்ட் 31, டிரான்ஸ்ஃபர் காலத்தின் கடைசி நாள். டாட்டன்ஹாம் ஸ்காட் பார்க்கரை வாங்கியது. அதே நாளில் கிரவுச்சையும் பலாசியோஸையும் ஸ்டோக் சிட்டிக்கு விற்றது. பலாசியோஸுக்குச் சொல்லப்பட்ட விலை சுமார் 60 லட்சம் பவுண்டு.

ஸ்டோக் காலத்தை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. மேனேஜர் டோனி புலிஸின் அணியில் பந்து நடுக்களத்தில் தங்குவதே அபூர்வம், தலைக்கு மேலே பறந்து போகும். உடம்பும் ஒத்துழைக்கவில்லை. நான்கு ஆண்டுகளில் லீக் ஆட்டங்கள் ஐம்பதைத் தொடவில்லை. 2015-இல் ஒப்பந்தம் முடிந்தபோது வயது 30, பார்க்க அதைவிடக் கூடுதலாகத் தெரிந்தார்.

ஊரில் கதை வேறு. ஹோண்டுராஸுக்கு அவர் தடுப்புச்சுவர் மட்டும் இல்லை, அணியின் முகமே அவர்தான். ஏறக்குறைய நூறு சர்வதேச ஆட்டங்கள். லண்டனில் சனிக்கிழமை ஆடிவிட்டு அட்லாண்டிக் தாண்டிப் பறந்து, சான் பெட்ரோ சூலாவின் உச்சி வெயிலில் தகுதிச் சுற்று ஆடி, மறுபடி பறந்து வந்து மழையில் ஆட வேண்டும். சொந்த மண் ஆட்டங்களைப் பிற்பகல் வெயிலில் வைப்பது ஹோண்டுராஸின் பழைய உத்தி, எதிரணி சுருண்டுவிடும் என்று. ஐரோப்பாவிலிருந்து வரும் சொந்த ஆட்களுக்கும் அதே வெயில்தானே! இரண்டு இடத்திலும் ஆடிய அந்த வருடங்கள்தான் முட்டியைத் தின்றன என்று நான் நினைக்கிறேன். நிரூபிக்க முடியாது, ஆனால் மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த பலரின் உடம்பு முப்பதுக்குள் தளர்வதைப் பார்த்தால் சந்தேகம் வருகிறது. தேசிய அணியில் விடாமல் ஆட வேண்டும் என்று அன்றைய வேலை அனுமதி விதியே சொன்னது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2010 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றின் கடைசி நாள் 2009 அக்டோபர் 14. நாட்டில் ஜூன் மாதம்தான் ராணுவம் அதிபர் செலாயாவை நாட்டைவிட்டே வெளியேற்றியிருந்தது, தெருவில் ஊரடங்கும் போராட்டமும். ஹோண்டுராஸ் எல் சால்வடோர் போய் கார்லோஸ் பவோனின் கோலால் 1-0 என்று வென்றது. அது மட்டும் போதாது, வாஷிங்டனில் கோஸ்டா ரிகா அமெரிக்காவை வெல்லக் கூடாது. கோஸ்டா ரிகா 2-0 முன்னிலை. மைக்கேல் பிராட்லி ஒன்றைத் திருப்பினார். கூடுதல் நேரத்தின் ஐந்தாவது நிமிடத்தில் ஜோனதன் போர்ன்ஸ்டீன் தலையால் முட்டி 2-2 ஆக்கினார். ஹோண்டுராஸும் கோஸ்டா ரிகாவும் தலா 16 புள்ளி, கோல் வித்தியாசத்தில் ஹோண்டுராஸ் உள்ளே. 1982-க்குப் பிறகு முதல் உலகக் கோப்பை. அமெரிக்காக்காரர் ஒருவர் ஹோண்டுராஸில் அப்படிக் கொண்டாடப்பட்டது அதற்கு முன் எப்போது என்று தெரியவில்லை.

தென்னாப்பிரிக்காவுக்குப் போன அணியில் வில்சன், ஜானி, ஜெர்ரி மூவரும் இருந்தார்கள். காயம்பட்ட ஹூலியோ சேசார் தெ லியோனுக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் ஜெர்ரி அழைக்கப்பட்டதால் அது அமைந்தது. ஒரே உலகக் கோப்பை அணியில் மூன்று சகோதரர்கள் இடம்பெற்றது அதுவே முதல்முறை. அணியின் ஆட்டம் சுமார்தான்: சிலியிடம் 0-1, ஸ்பெயினிடம் 0-2, சுவிட்சர்லாந்தோடு 0-0. ஒரு புள்ளி, கோல் இல்லை.

நான்கு வருடம் கழித்துப் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரேவில் பிரான்ஸோடு ஆட்டம். ஒலிபெருக்கிக் கோளாறில் இரு நாட்டு கீதங்களும் ஒலிக்காமலே ஆட்டம் தொடங்கியது. 28-ஆவது நிமிடத்தில் பலாசியோஸ் பிரான்ஸின் பால் போக்பாவை மிதித்தார், போக்பா காலை உதைத்தார், இருவருக்கும் மஞ்சள் அட்டை. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் கோல் பெட்டிக்குள் உயரப் பந்து வருகிறது, போக்பா அதை நோக்கிப் போகிறார், பலாசியோஸ் பின்னாலிருந்து அப்படியே மோதுகிறார். பெனால்டி, இரண்டாவது மஞ்சள், சிவப்பு. பென்சிமா அடித்தார், ஆட்டம் 3-0 என்று முடிந்தது.

அந்த மோதலை மறுபடி பார்த்தால் முரட்டுத்தனத்தைவிடத் தாமதம்தான் கண்ணில் படுகிறது. 2008-இல் இருந்த பலாசியோஸ் அந்தப் பந்துக்கு முதலில் போயிருப்பார். இந்த வேலையில் அரை நொடி தாமதித்தால் சுத்தமான பறிப்பு ஃபவுல் ஆகிவிடுகிறது. அரை நொடி இழந்த முன்கள வீரருக்கு ஒரு வாய்ப்பு போகும், இவருக்கு அட்டை விழும்.

அதற்குப் பிறகு 2016-இல் மியாமி எஃப்சி, அங்கே பயிற்சியாளர் அலெஸ்ஸாண்ட்ரோ நெஸ்டா. 2017-இல் மறுபடி ஒலிம்பியா.

அவர் திறந்த வழி கொஞ்ச காலம் உயிரோடு இருந்தது. விகன் அவர் போன பிறகும் ஹோண்டுராஸ் பக்கம் தேடுவதை நிறுத்தவில்லை. 2009-இல் ஹெண்ட்ரி தாமஸ் வந்தார், பிறகு ரோஜர் எஸ்பினோசா. 2013-இல் மான்செஸ்டர் சிட்டியை 1-0 என்று வீழ்த்தி விகன் எஃப்.ஏ. கோப்பையை வென்ற இறுதியாட்டத்தில் எஸ்பினோசா தொடக்க அணியில் இருந்தார். அதே வாரத்தில் விகன் இங்கிலாந்தின் உச்ச லீக்கான பிரீமியர் லீக்கிலிருந்து கீழே இறங்கியது, அந்த வழியும் அடைபட்டது. 2015-இல் தரவரிசை எல்லையை 70-லிருந்து 50-ஆகக் குறைத்து விதியையும் இறுக்கினார்கள். ஒலிம்பியாவில் பெயர் வாங்கும் இளைஞருக்கு இன்று முதலில் கண்ணுக்குத் தெரிவது அமெரிக்காவின் எம்.எல்.எஸ். லீக்தான். போனியெக் கார்சியா 2012-இல் அந்தப் பக்கம் போய் ஹூஸ்டனில் பத்து சீசன்கள் ஆடினார். ஊரிலிருந்து விமானத்தில் மூன்று மணி நேரம், வெயிலும் ஏறக்குறைய அதே வெயில்தான்.